குக்கர் ரப்பர்

போரை ஒழித்தே தீருவது என்று உலகத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் ஒரு குளிர்ப்பிரதேசத்து ஊரில் கூடினார்கள். பேசினார்கள், சாப்பிட்டார்கள், வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் மனச்சான்று உடன்படிக்கை என்று ஒன்றில் கையெழுத்தும் போட்டார்கள். போர் ஒழியவில்லை. ஆனால் சிறுசேரியில் நானூறு பேருக்கு வேலை கிடைத்தது.

அந்த நானூறு பேரில் முக்கியமானவள் பெனிட்டா. தூத்துக்குடிக்காரி, எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படித்தவள், அனுகம்பா குளோபல் சொல்யூஷன்ஸில் மூத்த பயிற்சியாளர். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் முதலில் அவள் கையில்தான் வந்து விழுவார்கள். அன்றைக்கும் ஒரு கூட்டம் வந்திருந்தது. கழுத்தில் புது அடையாள அட்டை, முகத்தில் முதல் நாள் பவுடர்.

"உடன்படிக்கை என்ன சொல்லுது? யாராவது சொல்லுங்க பாப்போம்" என்றாள் பெனிட்டா.

கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தாள். நஸ்ரின் என்று பெயர், வேலூரிலிருந்து வந்தவள். "ஒரு நாடு இன்னொரு நாட்டு மேல குண்டு போடணும்னா, முதல்ல அந்த இடத்துல இருக்கற ஒருத்தரோட மனசை, உத்தரவு போடறவர் ஒரு மணி நேரம் தன் மனசுல வாங்கி உணரணும் மேடம். அவங்க பயம், ஆசை, பசி, எல்லாம். அதுக்கப்புறமும் போட்டுத்தான் ஆகணும்னு தோணிச்சுன்னா போடலாம்."

"உத்தரவு போடறவர் யாரு?"

"ஜனாதிபதி, பிரதமர், தளபதி, அந்த மாதிரி."

"இந்த ரூம்ல யாராவது பிரதமர் இருக்கீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்ப நாம எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்?"

"'அல்லது அவரால் முறையாக அதிகாரமளிக்கப்பட்ட பிரதிநிதி'ன்னு ஒரு வரி இருக்கு மேடம்."

அந்த வரியை எழுதியவன் எந்த மகராசனோ, அவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். உலகத்தில் எந்த நல்ல காரியமும் கெட்டுப்போவதற்கு அப்படி ஒரு வரி போதும். ஜனாதிபதிகளுக்கு ஒரு மணி நேரம் சும்மா உட்கார ஏது நேரம்? முதலில் தங்கள் உதவியாளர்களை உட்காரவைத்தார்கள். உதவியாளர்கள் தூக்கம் கெட்டு அழுதார்கள். இரண்டு பேர் வேலையை உதறிவிட்டுத் தேனீ வளர்க்கப் போய்விட்டார்களாம். அப்புறம்தான் யாருக்கோ நம் ஊர் ஞாபகம் வந்தது. அவர்களுடைய கிரெடிட் கார்டு சண்டையையும் காணாமல் போன சூட்கேஸ் புலம்பலையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட ஊர் அல்லவா, இதையும் கேட்காதா என்ன? மனச்சாட்சியை மொத்தமாகக் கட்டிச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே துரைமார் குண்டு போடுவார்கள், இங்கே நாம் அதற்காக வருத்தப்பட வேண்டும். சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒன்று உண்டே, அதற்கு உலக அளவில் ஒரு கம்பெனி.

"எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன்" என்றாள் பெனிட்டா. "மேல ஒரு குட்டி விமானம் பறக்கும். அது கீழ ஒரு ஆளைப் பிடிக்கும். அந்த ஆளு மனசுல ஓடறது அப்படியே உங்க நாற்காலிக்கு வரும். பேச்சு வராது. அவங்க பாஷை நமக்குப் புரியவும் புரியாது. வாசனை வரும், முட்டிவலி வரும், பயம் வரும், பிள்ளை மேல எரிச்சல் வரும். ஒரு மணி நேரம் முடிஞ்சதும் கைகிட்ட ரெண்டு பொத்தான். பச்சை அழுத்தினா ஒப்புதல். அடுத்த நிமிஷம் அங்க காரியம் முடிஞ்சிரும். சிவப்பு அழுத்தினா தடை. ஒரு வாரம் தள்ளிப் போடுவாங்க, அப்புறம் வேற ஒருத்தரை உக்கார வச்சு மறுபடி கேப்பாங்க."

"சிவப்பு அழுத்தலாமா மேடம்?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"தாராளமா அழுத்தலாம். அழுத்தாதேன்னு நாங்க சொன்னா அது சட்ட விரோதம். போன வருஷம் அழுத்தினவங்க யாரும் இப்ப நம்மகூட இல்ல, அவ்வளவுதான்."

கேட்டவள் தன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெனிட்டாவுக்கு இது பழக்கம். இதற்கப்புறம்தான் அவளுடைய புகழ்பெற்ற பாடம் வரும்.

"பயப்படாதீங்க. வர்றதைத் தடுக்கப் பாக்காதீங்க, தடுத்தா இன்னும் வேகமா வரும். அது பாட்டுக்கு வரட்டும். நீங்க உங்க வேலையைப் பாருங்க. மனசுக்குள்ள எந்திரிச்சு சமையல்கட்டுக்குப் போயிருங்க. நான் சேர்ந்த முதல் வருஷம் தினமும் வீட்டுக்குப் போய் வாந்தி எடுப்பேன். ஒருநாள் காலைல குக்கர் ரப்பர் தொளதொளன்னு ஆகி, பருப்பு அடிப்பிடிச்சுப் போச்சு. அன்னைக்கு நாற்காலில உக்காந்தேன். ஐயோ, அந்த ரப்பர் வாங்கணுமே, கடை திறந்திருக்குமா, போன தடவை ஏமாத்திட்டானே, கம்பெனி ரப்பரா கேக்கணும், இதே நினைப்பு. திரும்பிப் பாத்தா ஒரு மணி நேரம் முடிஞ்சிருச்சு. எனக்கு ஒண்ணுமே ஆகல."

இதுதான் சமையலறை முறை. கம்பெனி இதற்குப் பெரிய விருது கொடுத்தது, மேடையில் பொன்னாடை போர்த்தியது. ஆபீசில் அவளுக்கு 'ரப்பர் மேடம்' என்றே பெயர். முறையும் பிரமாதமாக வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே. அவள் புருஷன் ஜெபா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "நான் பேசிட்டே இருக்கேன், நீ எங்க போயிடறே?" அவள் அந்த நேரம் மனசுக்குள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். மகன் ஆல்வின் சைக்கிளிலிருந்து விழுந்து நெற்றி கிழிந்து வந்தபோதும் அவள் முதலில் நினைத்தது மாவு புளித்துவிடுமே என்பதைத்தான். அதைப் பற்றி அவள் கவலைப்படக்கூட இல்லை.

வகுப்பு முடிந்ததும் துணைத் தலைவர் ஸ்ரீவத்சன் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்க பெனிட்டா. ஒரு சின்ன விஷயம்" என்றார். பெரிய விஷயம் எல்லாமே அவருக்குச் சின்ன விஷயம்தான். "வெளிநாட்டுப் பேஷன்ட் ஒருத்தி. ஆயிரம் விளக்குப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில கால் ஆபரேஷனுக்கு வந்திருக்கா. நம்ம க்ளையன்ட் போட்டதுலதான் அவ வீடு போச்சு, மூணு வருஷம் இருக்கும். அந்த ஒரு மணி நேரம் அவ மனசுல ஒரு ரப்பர் வளையம் வந்துச்சுன்னு நமக்கு எழுதியிருக்கா."

பெனிட்டா நாற்காலி நுனிக்கு வந்தாள். "சார், அது ஒருவழிப் பாதைதானே? அங்கேருந்து இங்க மட்டும்தானே வரும்?"

"ஒருவழிதான். இன்ஜினியரிங்ல எழுதிக் குடுத்திருக்காங்களே."

"அப்புறம் அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் சொன்னேனே, சின்ன விஷயம்னு." அவர் பேனாவை உருட்டினார். "நீங்க நேர்ல போய்ப் பாக்கறீங்க. மனிதாபிமான அடிப்படைல. கூட லீகல்லேருந்து தீபக் வருவான். அவ ஏதாவது கேட்டா, நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். 'அது நான் இல்லை.' அடுத்த மாசம் நீங்க உலகப் பயிற்சித் தலைவராகப் போறீங்க. இந்த நேரத்துல நமக்கு இதெல்லாம் தேவையா?"

அடுத்த மாதம் அவள் குடும்பத்தோடு அந்தக் குளிர்ப்பிரதேசத்து ஊருக்குப் போவதாக ஏற்பாடு. ஜெபா ஏற்கெனவே சொந்தக்காரர்கள் குழுவில் பனி மலைப் படமாகப் போட்டுத் தள்ளியிருந்தான். அவன் தம்பி மனைவி வயிறெரிந்து குழுவை விட்டே வெளியேறிவிட்டாள்.

ஆஸ்பத்திரி அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். கட்டிலில் காலில் கட்டோடு சுமைய்யா. அவள் நாட்டின் பெயரைச் சொன்னால் யாராவது கோபித்துக்கொள்வார்கள், விட்டுவிடுவோம். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது, பார்த்தால் ஐம்பது சொல்லலாம். பக்கத்து நாற்காலியில் காயல்பட்டினத்து ஹபீப் பாய். இருபது வருஷம் வளைகுடாவில் லாரி ஓட்டியவர், இப்போது வெளிநாட்டு நோயாளிகளுக்கு மொழி பெயர்க்கிறார்.

சுமைய்யாவின் கையில் ஒரு குக்கர் ரப்பர் இருந்தது. விலைச் சீட்டு கூடக் கிழிக்கவில்லை.

"கீழ பாத்திரக்கடைல கொத்தா தொங்குறதைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாங்கம்மா" என்றார் ஹபீப் பாய். "மூணு வருஷமா இது என்னன்னு தேடிட்டிருந்தாங்களாம். நான்தான் சொன்னேன், இது குக்கர் ரப்பர், எங்க ஊர்ச் சாமான்னு. அப்புறம் சிறுசேரில இப்படி ஒரு கம்பெனி இருக்குன்னும் சொன்னேன். உங்க பேரு அங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கே, ரப்பர் மேடம்னு."

தீபக் தொண்டையைச் செருமினான். பெனிட்டா அந்த ஒற்றை வரியை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சுமைய்யா பேச ஆரம்பித்தாள். மெதுவாக, சுவரைப் பார்த்துக்கொண்டு. ஹபீப் பாய் ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துக் கொடுத்தார்.

"மத்தியான நேரம். ரொட்டிக்கு மாவு பிசைஞ்சுட்டிருந்தேன். திடீர்னு பருப்பு தீயற வாசனை. எங்க வீட்டுல அடுப்பே பத்த வைக்கல. மனசுக்குள்ள யாரோ சலிச்சுக்கற மாதிரி இருந்துச்சு. அப்புறம் கடைக்குப் போகணும், கடைக்குப் போகணும்னு ஒரே அரிப்பு. எதுக்கு? வட்டமா, ரப்பரா, இத்தனை பெருசு. அப்படி ஒரு சாமான் எங்க வீட்டுல கிடையாது. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைச்சேன். ஆனா அந்த நினைப்பு விடல. முக்காட்டைப் போட்டுட்டுக் கிளம்பிட்டேன்."

ஹபீப் பாய் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

"சின்னவன் வாசல் வரைக்கும் வந்து, நானும் வரேன்னான். நான் எப்பவும் அவனைக் கூட்டிட்டுத்தான் போவேன். அன்னைக்கு மட்டும் மனசு சொல்லிச்சு, வேண்டாம், இவன் கடைல அதைக் குடு இதைக் குடுன்னு அழுது மானத்தை வாங்குவான்னு. என் பிள்ளை அப்படிப்பட்டவனே இல்லை. ஒருநாளும் எதுவும் கேட்டவன் இல்லை. ஆனா அன்னைக்கு எனக்கு அப்படித் தோணிச்சு. கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன். கடைல நின்னு, என்ன கேக்கறதுன்னு தெரியாம, கையால வட்டம் போட்டுக் காட்டிட்டிருந்தேன். அப்பத்தான் சத்தம் கேட்டுச்சு. வீட்டுப் பக்கம் ஓடினேன். பாதித் தெருவுல ஒரு சுவர் கால் மேல விழுந்துச்சு. உள்ள என் புருஷன், பெரியவ, சின்னவன்."

சுமைய்யா முதல்முறையாகப் பெனிட்டாவின் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டாள். ஹபீப் பாய் தயங்கி, பிறகு சொன்னார்: "உங்க பிள்ளை கடைல என்ன கேட்டு அழுவான்னு கேக்குறாங்கம்மா."

"ரிமோட் கார்" என்றாள் பெனிட்டா.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. தீபக் தலையில் கை வைத்துக்கொண்டான். பிள்ளையைப் பற்றி ஒரு தாய் கேட்டால் இன்னொரு தாய்க்குப் பதில் வாயில் வந்துவிடுகிறது. எந்த வக்கீல் வந்து அதைத் தடுக்க முடியும்?

சுமைய்யா தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் சத்தம் போடவில்லை. கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. நீளமாக ஒன்று சொன்னாள், அதைக் கேட்ட ஹபீப் பாய் மொழிபெயர்க்காமல் தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"சொல்லுங்க பாய்."

"வேண்டாம்மா."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"'ஒரு மணி நேரம் எனக்குள்ள இருந்தே. நீ கடைக்குப் போன்னு நினைச்சே, நான் போனேன். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போன்னு ஒரே ஒரு தடவை நினைச்சிருந்தா, கூட்டிட்டுப் போயிருப்பேனே'ன்னு சொல்றாங்க."

பெனிட்டா வழக்கம்போல் சமையல்கட்டுக்குள் ஓடப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை. மூன்று வருஷமாகச் சேர்ந்திருந்த அழுகை எல்லாம் மொத்தமாக வந்தது. வெளியே வந்து, மூக்கு ஒழுக, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நர்ஸுகள் வேடிக்கை பார்க்க, வெட்கமில்லாமல் அழுதாள். அவள் தன்னை ஒன்றும் செய்யாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பை நினைத்தால் இப்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வேலை போய்விடும் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அட, அனுகம்பாவைப் பற்றி அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

கம்பெனி உடனே சோதனை செய்து பார்த்தது. பாதை இருவழி என்பது உறுதியானது. இங்கே நினைப்பது அங்கேயும் போகிறது, ஆரம்பத்திலிருந்தே போயிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் கதவைப் பூட்டிச் சாவியைக் கடலில் எறிந்திருப்பார்கள். ஸ்ரீவத்சன் கேக் வெட்டினார்.

"இருவழி ஆறுதல்!" என்றார், திரையில் ஒரு படத்தைக் காட்டி. ஆவி பறக்கும் ஈயச்சொம்பு ரசம், பக்கத்தில் கொத்துமல்லி, கீழே அழகான எழுத்தில்: 'கடைசி நேரத்தில் யாரும் தனியாக இல்லை.' "யோசிச்சுப் பாருங்க. சாகப்போற மனுஷனுக்கு ஒரு வீட்டுச் சமையல்கட்டோட கதகதப்பு. அந்தம்மாவே சொல்லியிருக்கா, 'ஒரு மணி நேரம் எனக்குள்ள இருந்தே'ன்னு. அதைத்தான் முதல் பக்கத்துல போடறோம்."

"சார், அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க செத்துப்போச்சு" என்றாள் பெனிட்டா.

"அதுக்குத்தான் பழக்கூடை அனுப்பிட்டோமே."

க்ளையன்ட்டுகள் குதூகலித்தார்கள். ஒரு தளபதி தொலைக்காட்சியில் தோன்றி, இனிமேல் தங்கள் குண்டுகளில் மனித உறவும் கலந்திருக்கிறது என்று கண்கலங்கச் சொன்னார். உடன்படிக்கையின் மேற்பார்வைக் குழு எழுந்து நின்று கைதட்டியது. முன்பாவது குண்டு போடுகிறவனுக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. இப்போது ஏதோ அன்னதானம் செய்கிற மாதிரி போட ஆரம்பித்தார்கள். எண்ணிக்கை இரட்டிப்பாயிற்று. சிறுசேரியில் இன்னொரு மாடி கட்டினார்கள்.

சமையலறை முறை கட்டாயமாக்கப்பட்டது. நாற்காலியில் இருப்பவரின் நினைப்பைக் கண்காணிக்க ஒரு மென்பொருளும் வந்தது.

"யாராவது நல்லவங்க வேஷம் போட்டு 'ஓடு, தப்பிச்சுப் போ'ன்னு நினைச்சாங்கன்னா உடனே இணைப்பைத் துண்டிச்சிரும்" என்று விளக்கினார் ஸ்ரீவத்சன். "விமானம், குண்டு, சாவு, எதுவும் கூடாது. சமையல்கட்டு மட்டும்."

"சமையல்கட்டுலயும் பதட்டம் வருமே சார். பால் பொங்கிருச்சு, எண்ணெய் தெறிச்சிருச்சுன்னு."

"அது இருக்கட்டும், பரவாயில்ல. அப்பத்தான் நிஜமா இருக்கும். அதையெல்லாம் சமையல்னுதான் அது எடுத்துக்கும்."

அன்று வீட்டில் பெனிட்டா, வேலையை விட்டுவிடப் போவதாக ஜெபாவிடம் சொன்னாள். அவன் பாதிக் கட்டிய பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். கம்பளிச் சட்டைகள்கூட வாங்கியாகிவிட்டது.

"சரி, விட்டுரு" என்றான் எரிச்சலோடு. "உன் நாற்காலி சும்மா கிடக்குமா? நாளைக்கே வேற ஒருத்தி வந்து உக்காந்து பச்சையை அழுத்துவா. யாருக்கு என்ன லாபம்?"

அவன் வெளிநாட்டுப் பயணத்தை நினைத்துச் சொன்னான். ஆனால் சொன்னதில் பொய் இல்லையே. சிவப்பை அழுத்தினாலும் அதே கதைதான். ஒரு வாரம் கழித்துப் பக்கத்து நாற்காலி பச்சையை அழுத்தும். பெனிட்டா பால்கனிக்குப் போய் ஹபீப் பாய்க்குப் போன் செய்தாள்.

"பாய், சுமைய்யா எப்படி இருக்காங்க?"

"நடக்கப் பழகுறாங்கம்மா. அடுத்த வாரம் அவங்க அக்கா வீட்டுக்குப் போறாங்க."

"ஒண்ணு கேக்கணும். அவங்க ஊர்ல எல்லாம் எதுல சமைக்கறாங்க?"

"என்னம்மா கேள்வி இது? சிலிண்டர்தான். நம்ம ஊர் மாதிரியேதான். அந்தப் பக்கம் எந்த நாட்டுக்குப் போனாலும் சிலிண்டர்தான், நானே லாரில ஏத்தி எறக்கியிருக்கேனே. ஏன்?"

"சும்மாதான், கிளாஸுக்கு."

வெளிநாட்டுப் பதவி வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்று மறுநாள் ஸ்ரீவத்சனிடம் சொன்னாள். புது ஆட்களுக்குச் சரியான பயிற்சி தேவை என்று காரணமும் சொன்னாள். அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. ஜெபா பத்து நாள் பேசவில்லை. சொந்தக்காரர்கள் குழுவில் தம்பி மனைவி மறுபடி சேர்ந்துகொண்டாள்.

புது மாடியில் முதல் வகுப்பு நடந்த அன்று ஸ்ரீவத்சன் க்ளையன்ட் பிரமுகர்கள் சிலரை அழைத்து வந்து பின்னால் உட்காரவைத்திருந்தார். அவர்கள் காதில் மொழிபெயர்ப்புக் கருவி, கையில் இளநீர். நஸ்ரின் முன்வரிசையில் இருந்தாள். இத்தனை நாளில் அவள் முகம் மாறிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்து, பேச்சு குறைந்து, ஆரம்பத்துப் பெனிட்டா மாதிரியே ஆகியிருந்தாள்.

"இன்னைக்குப் புதுப் பாடம்" என்றாள் பெனிட்டா. "ரசம், சாம்பார், குக்கர் ரப்பர் எல்லாம் பழசு. அதுல மனசு நிக்காது, நழுவிரும். நல்லா ஆழமா நிக்கற மாதிரி ஒண்ணு வேணும். சொல்லுங்க, வீட்டுக்குள்ள நுழையறீங்க, கேஸ் லீக் ஆகற வாசனை வருது. என்ன பண்ணுவீங்க?"

"சுவிட்ச் எதையும் தொடக்கூடாது மேடம்" என்றாள் ஒருத்தி.

"சரி. அப்புறம்?"

"ரெகுலேட்டரை மூடணும். கதவு ஜன்னலைத் திறக்கணும்."

"திறந்துட்டீங்க. வாசனை போகல. இன்னும் வருது. இப்ப?"

"வெளிய போயிரணும் மேடம்."

"தனியாவா?"

நஸ்ரின் நிமிர்ந்து பார்த்தாள்.

"பிள்ளைங்களை முதல்ல தூக்கணும்" என்றாள்.

"நகை, பீரோ, துணிமணி?"

"எதையும் பாக்கக்கூடாது. பிள்ளைங்க, வயசானவங்க, அவ்வளவுதான்." நஸ்ரின் முன்னால் சாய்ந்தாள். "மேடம், பக்கத்து வீட்டுக்காரங்க?"

"நீங்களே சொல்லுங்க."

"கதவைத் தட்டிச் சொல்லணும். மாடில இருக்கறவங்களுக்கும். எல்லாரையும் தெருவுக்குக் கூட்டிட்டு வந்துரணும்."

"எல்லாரையும்" என்றாள் பெனிட்டா. "காத்து சுத்தமாகற வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது. இதை நீங்க மூளைல நினைச்சா பத்தாது. மூக்குல நினைக்கணும், வயித்துல நினைக்கணும். புரியுதா?"

ஒவ்வொரு முகமாகப் புரிந்துகொண்டது. பின்வரிசையில் ஸ்ரீவத்சன் விருந்தாளிகள் பக்கம் சாய்ந்து, "பாதுகாப்பு உணர்வு, பாத்தீங்களா? எங்க கம்பெனியோட ரத்தத்துலயே இருக்கு" என்றார். ஒரு பிரமுகர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அன்று பிற்பகல் பெனிட்டாவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ஒரு ஆண். கடைவாய்ப்பல் வலி. உடைந்த மின்விசிறி ஒன்றை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். பக்கத்து அறையில் குழந்தைகளின் கூச்சல், தலைக்கு மேலே மாடியில் யாரோ எதையோ இடிக்கிற அதிர்வு. பல்வலியிலும் அவனுக்கு ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பெனிட்டா கண்ணை மூடி முகர்ந்தாள். கேஸின் அந்த அழுகல் வாசனையை நினைவின் அடியிலிருந்து தோண்டி எடுத்தாள். மூக்கில் ஏற்றினாள். தொண்டைக்கு இறக்கினாள். கண்காணிப்புத் திரையில் 'சமையல்' என்று அமைதியாக எழுதி வந்தது.

அவன் திருகுவதை நிறுத்தினான். எழுந்து போய் அடுப்பைப் பார்த்தான். மூடித்தான் இருந்தது. திரும்ப வந்து உட்காரப் போனான். போகலை, வாசனை போகலை, என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தாள். பிள்ளைங்க, முதல்ல பிள்ளைங்க. தன் இடுப்பில் ஒரு கனம் ஏறியதை உணர்ந்தாள். ஆல்வின் சின்ன வயதில் கனத்த மாதிரியே கனத்தது. படிக்கட்டு முழங்காலில் தட்டியது. பிறகு விரல்முட்டிகள் வலித்தன. கதவு கதவாகத் தட்டுகிறான், மகராசன், ஒன்றைக்கூட விடாமல் தட்டுகிறான். முகத்தில் வெயில் பட்டது.

இனிமேல்தான் கஷ்டமே. அவனுக்கு வெட்கம் வந்தது. தெருவெல்லாம் ஜனங்கள், யாரோ திட்டுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். ஒரு கிழவரை நாற்காலியோடு தூக்கி வந்திருப்பார்கள் போலும், அவர் பார்க்கிற பார்வையில் அவனுக்குக் காது சுட்டது. உள்ளே போய்விடலாம், ஒன்றும் இல்லை, என் மூக்குதான் சரியில்லை என்று அவன் நினைக்க ஆரம்பித்தான். பெனிட்டாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஐயா சாமி, கர்த்தரே, இன்னும் கொஞ்ச நேரம், என்று மன்றாடினாள். மன்றாடினால் கருவி பிடித்துவிடும் என்று பயந்து மறுபடி மூக்குக்கு ஓடினாள். வாசனை இன்னும் இருக்கு. காத்து போகட்டும். உள்ள போகாதே. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அவன் வாசல் வரைக்கும் போனான். நின்றான். மறுபடி தெருவுக்கு வந்தான், இன்னும் தள்ளி, முனைவரைக்கும் வந்தான்.

மணி ஒலித்தது. பெனிட்டா பச்சைப் பொத்தானை அழுத்தினாள். போடுங்கள், வெறும் சுவரின் மேல் நன்றாகப் போடுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். அடுத்த ஷிப்ட்காரர்கள் அனைவரும் கண்ணை மூடியிருந்தார்கள். நஸ்ரினின் மூக்கு விடைத்திருந்தது. அவளுக்கு அடுத்தவளுக்கும், அதற்கடுத்தவளுக்கும், கூடத்தின் கடைசி வரைக்கும். ஒருத்தி கனவில் போல் இடுப்பில் எதையோ ஏற்றிக்கொள்கிறாள், இன்னொருத்தியின் முஷ்டி கைப்பிடிமேல் தட்டிக்கொண்டே இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீவத்சன் பிரமுகர்களுக்குத் திரையைக் காட்டிக்கொண்டிருந்தார். திரை முழுக்க 'சமையல்', 'சமையல்' என்று பச்சையாக எரிந்தது.

"பாருங்க, எங்க பொண்ணுங்களை" என்றார் அவர், பெருமை தாங்காமல். "என்ன ஈடுபாடு!"